மற்ற நாயைக் கண்டால் பாயும் கறுப்பன்

கேள்வி: டொக்டர், நிலாவெளிக் கடற்கரையில் யாரோ விட்டுவிட்டுப் போன ஓர் ஆண் நாயை மூன்று மாதத்துக்கு முன் உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எட்டு, ஒன்பது வயது இருக்கும். பெயர் கறுப்பன். வீட்டில் குழந்தைப்பிள்ளை மாதிரி. வெளியே கூட்டிப்போனால் மட்டும், வேறு நாயைக் கண்டதும் சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்கிறான். போன கிழமை பக்கத்து வீட்டு நாயின் காதைக் கடித்துவிட்டான். “ஒருதரம் இரண்டையும் விட்டுப் பாருங்கோ, தாங்களே சரிக்கட்டிக்கொள்ளும்” என்கிறார்கள். விடலாமா? இந்த வயதில் இவனை மாற்ற முடியுமா?

பதில்: விட்டுப் பார்க்காதீர்கள். சண்டை பிடித்து நாய்கள் சிநேகிதமாவதில்லை. ஒவ்வொரு சண்டையும், ‘மற்ற நாய் என்றால் ஆபத்து’ என்று அவன் நினைப்பதை இன்னும் உறுதியாக்கிவிடும்.

மாற்றம் வரும். ஆனால் கறுப்பன் மற்ற நாய்களோடு ஓடி விளையாடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். வயதுபோன நாய்கள் பலவற்றுக்குப் புது நாயின் உறவே தேவையில்லை. எதிரே ஒரு நாய் வருகிறது, அவன் பார்க்கிறான், பிறகு உங்கள் பக்கம் திரும்புகிறான் என்றால், அதுவே நமக்குப் போதும்.

பயிற்சிக்கு முன் அவனை ஒரு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். மூட்டு வலி, சொத்தைப் பல், காதுப் புண், மங்கிய பார்வை இவற்றில் ஏதாவது இருந்தால், இன்னொரு நாய் கிட்ட வருவதே அவனுக்குப் பயம். இடுப்பு நோகிற நாய்க்குத் தன்னால் விலகி ஓட முடியாது என்பது தெரியும், அதனால் முந்திக்கொண்டு பாயும். உண்ணிக் காய்ச்சலுக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். வலி என்று நினைத்து மனிதருக்கான குளிசைகளை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நலம் எடுத்தால், அதாவது விதையை அகற்றினால், கோபம் அடங்கும் என்றும் சிலர் சொல்வார்கள். பயத்தால் வரும் பாய்ச்சல் அதனால் மட்டும் போய்விடாது.

சரி, இனிப் பயிற்சி. இதில் முக்கியமானது தூரம். கறுப்பன் மற்ற நாயைப் பார்த்தும் பாயாமல் நிற்கக்கூடிய ஒரு தூரம் இருக்கும். அது ஐம்பது அடியாகவும் இருக்கலாம், இருநூறு அடியாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடியுங்கள். வாயை மூடிக்கொண்டு வெறித்துப் பார்க்கிறான், உடம்பு விறைக்கிறது, முதுகு மயிர் எழும்புகிறது என்றால் கிட்டப் போய்விட்டீர்கள். மிகவும் பிடித்த தீனியைக்கூட வாங்க மறுத்தாலும் அதே அர்த்தம்தான். பேசாமல் திரும்பி விலகுங்கள்.

அந்தத் தூரத்தில் நின்று செய்ய வேண்டியது இவ்வளவுதான். மற்ற நாய் கண்ணில் படுகிறது, உடனே உங்கள் கையிலிருந்து தீனி வருகிறது. அந்த நாய் மறைந்ததும் தீனியும் நிற்கிறது. அவித்த கோழியோ முள் எடுத்த மீனோ, நகமளவு துண்டுகளாக இருக்கட்டும். எப்போதும் நாய் முதலில், தீனி பிறகு. முறை மாறினால், தீனிப் பையைக் கண்டதுமே ‘நாய் வரப்போகிறது’ என்று பதறப் பழகிவிடுவான். அவன் நல்லபடி நடந்தால்தான் கொடுப்பேன் என்றும் காத்திருக்க வேண்டாம். நாம் மாற்றப் பார்ப்பது அவனுடைய உணர்ச்சியை. ஐந்து, பத்து நிமிடம் போதும். அவன் இளகிய உடம்போடு நிற்கப் பழகிய பிறகுதான் சில அடி கிட்டப் போக வேண்டும். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம்.

திருகோணமலையில் இதைச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் தூரம் பார்த்து நின்றாலும், கட்டாக்காலி நாய் தானாக உங்களை நோக்கி வரும். ஒவ்வொரு ஒழுங்கையும் ஒரு கூட்டத்தின் எல்லை. எனவே முதல் சில நாள் நீங்கள் தனியாக நடந்து, எந்த மூலையில் எந்தக் கூட்டம் படுத்திருக்கிறது என்று பார்த்து வையுங்கள். மீன் இறக்கும் இடங்கள், குப்பை கொட்டும் இடங்கள் பக்கம் போகவே வேண்டாம். தொடக்கத்தில் வளவுக்குள் நின்று, படலை வழியாகத் தெரியும் நாய்களை வைத்தே பழக்கலாம். எதிரே ஒரு நாய் வந்துவிட்டால் ஒரு பிடி பிஸ்கட்டை அதன் முன்னால் எறிந்துவிட்டு, கறுப்பனோடு மறுபக்கம் திரும்பி நடங்கள். ஒரு குடையும் வைத்திருங்கள். இடையில் விரித்துப் பிடித்தால் பல நாய்கள் நின்றுவிடும். ஆனால் அந்த ஓசைக்குக் கறுப்பனை முதலில் வீட்டில் பழக்க வேண்டும்.

கழுத்துச் சங்கிலிக்குப் பதிலாக மார்புப் பட்டியும் ஆறடி வாரும் வாங்குங்கள். கழுத்து இறுக இறுகப் பதற்றம் கூடும். உறுமினால் அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். உறுமல் அவன் தரும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிப்பான்.

வாய்க்கூடு போடுவதில் தவறில்லை, ஆனால் கூடை போன்றதாக இருக்க வேண்டும். வாயை இறுக்கும் துணிப்பட்டி நம்முடைய வெயிலுக்கு ஆபத்து, மூச்சிரைத்துத்தான் நாய் தன் சூட்டைத் தணிக்கிறது. கூட்டுக்குள் தீனி வைத்து ஓரிரு கிழமை பழக்கிய பிறகு மாட்டுங்கள். அதை மாட்டியிருக்கும்போது தெருநாய் பாய்ந்தால் அவனால் தற்காத்துக்கொள்ள முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். தண்ணீரை ஊற்றுங்கள், அல்லது ஒரு பலகையை இடையில் செருகுங்கள். உங்களுக்குக் கடிபட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். கறுப்பனுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் இந்தக் கிழமையே போடுங்கள். காதில் கடிபட்ட நாய்க்கும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய், வைத்தியச் செலவை நாங்கள் தருகிறோம் என்று சொல்லுங்கள். நடுவில் கம்பி வேலி என்றால் கிடுகோ தகரமோ வைத்து மறைத்துவிடுங்கள். நாள் முழுக்க வேலியில் முறைத்துக்கொண்டு நின்ற நாயை மாலையில் பழக்க முடியாது. இரண்டு நாய்களும் ஒரே நேரத்தில் வெளியே வராதபடி, யார் எப்போது கூட்டிப்போவது என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.