காவடிப் பட்டியலில் நீங்காத பெயர்

வணக்கம் நண்பரே. மொரீஷியஸின் கத்ர் போர்ன் மலைக்கோயில் தைப்பூசக் காவடிப் பட்டியலில் விலகியவர்களை பைத்தான் நிரல்மொழியின் ஃபார் லூப்பில் (பட்டியலை ஒவ்வொருவராகப் பார்த்துச் செல்லும் சுழற்சி) நீக்கும்போது, அடுத்தடுத்து இருக்கும் இருவரில் ஒருவர் அப்படியே நின்றுவிடுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். 3ஆம் இடத்தில் இருப்பவரை நீக்கியதும் 4ஆம் இடத்தவர் 3க்கு நகர்ந்துவிடுவார். லூப்போ 4க்குப் போய்விடும். அவரைப் பார்ப்பதே இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலைத் தொடாதீர்கள். வருபவர்களை மட்டும் புதுப் பட்டியலில் சேருங்கள். ரிமூவ் என்ற நீக்கும் கட்டளை வேண்டாம், அது பொருந்தும் முதல் பெயரைத்தான் நீக்கும். நம் ஊரில் ஒரே பெயரில் எத்தனை பேர்!

அப்புறம், பட்டியலை நகலெடுக்கச் சமக்குறி (=) போட்டால், அது நகலே இல்லை. அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர். நகலெடுக்க காப்பி (copy) கட்டளை போடுங்கள். உள்ளே ஒவ்வொருவருக்கும் பெயர், எண் போன்ற விவரங்களைத் தொகுத்து வைக்கும் டிக்‌ஷனரி வைத்திருந்தால் அதுவும் போதாது, நகலில் தொலைபேசி எண்ணை மாற்றினால் அசலிலும் மாறும். அங்கே உள்ளிருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் டீப்காப்பிதான் (deepcopy) சரி.