எட்டாம் வகுப்பு மரபியல் செயல்திட்டத்துக்கு நாக்கை உருட்டும் குடும்ப அட்டவணை போதுமா?

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம், வீட்டில் யார் யாருக்கு நாக்கை உருட்ட வரும் என்று எழுதும் அட்டவணை மகளுக்குப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நாக்கை உருட்டுவது ஒரே மரபணு முடிவு செய்வதல்ல. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த, உருவொத்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வராதது எனக்கு எப்படி வந்தது என்று பிள்ளை கேட்டால் வீட்டில் வீண் குழப்பம்.

பட்டாணியையே எடுங்கள். ரகடா என்ற பட்டாணி மசாலாவுக்கு ஊறவைக்கும் வெள்ளைப் பட்டாணி உருண்டை வகை. இனிப்பான பச்சைப் பட்டாணியைக் காயவைத்தால் பெரும்பாலும் சுருங்கிவிடும். காரணம், அதில் மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டும் நொதியின் மரபணு பழுது. சர்க்கரை தங்குகிறது, விதை நிறைய நீரை இழுத்து உப்புகிறது, காயும்போது தோல் மடிகிறது. மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் எண்ணியது இதைத்தான்: இரு வகையையும் கலந்து வளர்த்ததில் இரண்டாம் தலைமுறையில் உருண்டை 5474, சுருங்கியது 1850, அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. 1866இல் கட்டுரையாக வெளியிட்டார்.

அப்புறம் அதே கணக்கைக் காட்டும் கைவேலை, ஒரு கற்பனை விலங்குப் பொம்மை. இரண்டு ஒரு ரூபாய் நாணயம், ஒன்று அப்பா, ஒன்று அம்மா. தலை ஓங்கிய பண்பு, அதாவது ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிவது; பூ ஒடுங்கியது, அதாவது மற்றது இருந்தால் மறைந்துவிடுவது. காது, மூக்கு, வால் என ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை சுண்டட்டும். இரண்டும் பூவானால்தான் ஒடுங்கிய பண்பு தெரியும். வந்தபடி காகிதத்தில் பொம்மை செய்து கொலுப் படியில் அடுக்கலாம். குட்டை வால் ஒடுங்கிய பண்பு என்றால் நான்கில் ஒன்றுக்கு வர வேண்டும்; ஆனால் இருபது பொம்மையில் எப்போதும் சரியாக ஐந்துக்கு வராது. மூன்றும் வரும், எட்டும் வரும். திருத்தாமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.