ஜாடிப் பூஞ்சையும் கில்லர் ஈஸ்டும்

கேள்வி: தேவகோட்டையில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறோம். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்த ஜாடியிலும், கடையில் இருந்த ஜாடியிலும் ஒரே மாதிரிப் பச்சைப் பூஞ்சை. இரண்டும் ஒன்றுதானா? நுண்ணுயிரியல் படிக்கும் மகள், கல்லூரி ஆய்வகத்தில் கில்லர் ஈஸ்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறாள். சரிவருமா?

பதில்: சரிவரும், ஆனால் பாதி விடைதான் கிடைக்கும்.

ஈஸ்டு என்பது ஒற்றைச் செல் பூஞ்சை. சில ஈஸ்டுகள் தம்மைப் பாதிக்காமல் மற்றவற்றைக் கொல்லும் நச்சுப் புரதத்தைச் சுரக்கின்றன. இவைதான் கில்லர் ஈஸ்டுகள். பெவன், மேக்கோவர் என்ற ஆய்வாளர்கள் 1963இல் இதை முதலில் சொன்னார்கள். இந்த நச்சு முதலில் எதிராளியின் செல்சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்ட இடம் கிடைக்காத ரகம் தப்பிவிடும். ஒரே இனத்திலும் ஒன்று சாகும், இன்னொன்று பிழைக்கும். இதை வைத்து இத்தாலியில் பொலோனெல்லி குழுவினர் 1983இல் கேண்டிடா என்ற ஈஸ்டின் ரகங்களைப் பிரித்தார்கள். பிறகு இழைப் பூஞ்சைகளுக்கும் நீட்டினார்கள். ஒன்பது கில்லர் ஈஸ்டுகள் இருந்தால், சாவு, பிழைப்பு என்று கணக்கிட 512 விதக் கோலங்கள் வரலாம்.

மகள் செய்ய வேண்டியது: பூஞ்சை வித்துகளை, அமிலத்தன்மை (pH) 4.5 அளவில் நிலைநிறுத்திய அகார் என்ற ஊட்டக்கூழில் கலந்து தட்டில் ஊற்றி, மேலே ஈஸ்டுகளைப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளியைச் சுற்றிப் பூஞ்சை ஏறாத வெற்று வளையம் தெரிந்தால் அது அடங்கிவிட்டது. கூடவே கொல்லாத ஈஸ்டு ஒன்றும் கட்டாயம். இல்லையென்றால் வளையம் நச்சாலா, வேறெதாலா என்று சொல்ல முடியாது. இரண்டு பூஞ்சையும் ஒரே நாளில், ஒரே அகாரில், மூன்று முறையாவது போகட்டும்.

இடிக்கிற இடம் நம்ம ஊர் வெயில். பல நச்சுகள் 20 முதல் 25 டிகிரிக்குள்தான் நன்றாக வேலை செய்யும். சித்திரையில் மேஜை மேல் வைத்த தட்டில் வளையம் வராவிட்டால் பூஞ்சை வலுவானது என்று நினைக்காதீர்கள், நச்சுதான் செத்திருக்கும். குளிர்வசதியுள்ள இன்குபேட்டர் (வெப்பநிலையைச் சீராக வைக்கும் பெட்டி) வேண்டும்.

கோலம் திரும்பத் திரும்ப வேறுபட்டால், இரண்டும் வேறு என்று துணிந்து சொல்லலாம். ஒத்துப்போனால் 'ஒன்றாக இருக்கலாம்' என்பதோடு நிறுத்துங்கள். உறுதிக்கு டிஎன்ஏ வரிசைதான். எங்கிருந்து வந்தது என்பதற்கு, இரு இடத்திலும் அகார் தட்டுகளைச் சிறிது நேரம் திறந்து வைத்து, உப்பு, மிளகாய்த்தூளிலும் மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள்.

பச்சை ஏறிய ஊறுகாயை மேலே மட்டும் வழித்துவிட்டு விற்காதீர்கள். மாதிரி எடுத்ததும் ஜாடியோடு மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.