சோலார்பங்க் கலை என்றால் என்ன?

மரம் செடியும் சூரிய, காற்று மின்சாரமும் ஒன்றாக இருக்கும் நாளைய ஊரைக் கற்பனை செய்து காட்டும் கலைதான் சோலார்பங்க். 2008 வாக்கில் இணையத்தில் புழங்கத் தொடங்கிய பெயர்.

எதிர்காலம் என்றாலே புகையும் இடிபாடும் என்றுதான் பல காலமாகப் படம் காட்டினார்கள். பயத்தை மட்டும் காட்டினால் மனம் சோர்ந்துவிடும். வீடு கட்டுமுன் பிளானை விரித்து, "இங்கே அடுப்படி, அங்கே முற்றம்" என்று குடும்பமே பேசுமே, அப்படிப் பேச ஒரு படம் தேவைப்பட்டது.

நேரில் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூரின் கார்டன்ஸ் பை தி பே. 2012-ல் திறந்த அந்தத் தோட்டத்தில் சூப்பர்ட்ரீ எனப்படும், மர வடிவில் கட்டிய 18 கோபுரங்கள், 25 முதல் 50 மீட்டர் உயரம். எஃகும் கான்கிரீட்டுமான உடம்பில் பெரணியும் ஆர்க்கிடும் படர்ந்திருக்கின்றன. சிலவற்றின் உச்சியில் சோலார் தகடுகள். மரத்தில் இலை இருக்க வேண்டிய இடத்தில் வெயிலை வாங்கும் தகடு! எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம், பால்கனியில் செடி வைத்த கண்ணாடிக் கட்டடமெல்லாம் சோலார்பங்க் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே மின்சாரம் எங்கிருந்து வருகிறது, யாரெல்லாம் வாழ முடிகிறது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கலை பார்க்கிறது.