கூடத்துப் பெட்டிக்குள் ஒரு பெரிய திரை

வீட்டு மரவேலை குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்களுடையது முற்றமும் தாழ்வாரமும் வைத்துக் கட்டிய பழைய வீடு. கூடத்துச் சுவரில் தலைமுறைகளாகத் தஞ்சாவூர் ஓவியங்கள் இருக்கின்றன. மகன் 55 அங்குலத் தொலைக்காட்சி வாங்கித் தந்திருக்கிறான். அதை ஓவியங்களுக்கு நடுவே மாட்ட எனக்கு மனம் வரவில்லை. பொத்தானை அழுத்தினால் மேலே எழும்பி, வேண்டாதபோது உள்ளே இறங்கிவிடும் பெட்டியை எங்கள் ஆசாரியைக் கொண்டே செய்ய முடியுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். தேரும் சுவாமி வாகனங்களும் செய்யும் தச்சர்கள் வாழும் ஊர் உங்களுடையது. மரவேலையைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேலையின் வரிசையைப் பற்றித்தான். முதலில் தொலைக்காட்சியின் அளவு, அடுத்துத் தூக்கும் கருவி, கடைசியில்தான் பெட்டி. கருவி வீட்டுக்கு வந்து, அதைத் தரையில் நிறுத்தி, தொலைக்காட்சியைப் பொருத்தி, ஏற்றி இறக்கிப் பார்க்கும் வரை ஆசாரி ஒரு பலகையையும் அறுக்க வேண்டாம்.

55 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட அளவு. திரை மட்டும் ஏறக்குறைய 122 செ.மீ. அகலமும் 68.5 செ.மீ. உயரமும் இருக்கும், விளிம்புச் சட்டத்தையும் சேர்த்து 124-க்கு 72 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுத் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் பெட்டியின் மேல்மூடியும் சேர்ந்தால் 30 கிலோ ஆகிவிடும். ஒரு கிலோவைத் தூக்க 9.8 நியூட்டன் விசை வேண்டும் என்பதால், 30 கிலோவுக்குச் சுமார் 300 நியூட்டன் தேவை. கருவியின் திறன் அதைப் போல் இரு மடங்காவது, அதாவது 600 நியூட்டனுக்குக் குறையாமல் இருக்கட்டும். எல்லைக்கு நெருக்கமாக உழைக்கும் மோட்டார் விரைவில் சூடேறும், சத்தமும் போடும்.

விலை குறைவு என்று, கடையில் தனியாகக் கிடைக்கும் ஒற்றைத் தண்டுக் கருவியை வாங்கிவிடாதீர்கள். திரை முழுவதும் வெளியே வர 75 செ.மீ. எழும்ப வேண்டும். ஒற்றைத் தண்டு அவ்வளவு நீள வேண்டுமென்றால், சுருங்கிய நிலையிலேயே அது 90 செ.மீ. நீளத்தை எட்டிவிடும், அதற்கேற்பப் பெட்டியும் உயர்ந்துவிடும். தொலைக்காட்சிக்கென்றே விற்கப்படும் தூக்கிகளில் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் இரண்டு, மூன்று அடுக்குகள் இருப்பதால், அவை சுருங்கும்போது மிகவும் குள்ளமாகிவிடுகின்றன. உள்ளே திருகுத் தண்டு உள்ளதா என்றும் கேளுங்கள். சரியான திருகுத் தண்டு, மின்சாரம் நின்றாலும் சுமையை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். திரை தானாகச் சரிந்து இறங்காது.

இனி, இந்த வகைப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒன்றுக்கு வருகிறேன். 72 செ.மீ. உயரமுள்ள தொலைக்காட்சி முழுவதும் உள்ளே மறைய, பெட்டி தரையிலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. உயரம் இருந்தே தீரும். திரை எழும்பி நின்றால் அதன் நடுப்பகுதி 130 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும். நாற்காலியிலோ ஊஞ்சலிலோ அமர்ந்திருப்பவரின் கண் ஏறக்குறைய 110 செ.மீ. உயரத்தில் இருக்கும், அவருக்கு இது தொந்தரவில்லை. கூடத்தில் பாய் விரித்து அமர்பவருக்குக் கண்மட்டம் 75 செ.மீ.தான். அவர் இரண்டு மணி நேரம் அண்ணாந்தே பார்க்க வேண்டியிருக்கும், கழுத்து அதைப் பொறுக்காது. உங்கள் வீட்டில் தரையில் அமரும் வழக்கம் இருந்தால், எழும்பும் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொலைக்காட்சியைத் தாழ்வாக நிலையாகப் பொருத்தி, இரண்டு கதவுகள் பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும்படி செய்வதே நல்லது. இதற்குக் கதவுகள் ஒதுங்கும் இடத்தையும் சேர்த்துச் சுவரில் 260 செ.மீ. அகலம் வேண்டும். பற்கள் உள்ள வார் ஒன்றை மோட்டார் இழுத்தால் இரு கதவுகளும் ஒரே நேரத்தில் விலகும். மின்சாரம் இல்லாதபோது கையாலும் தள்ளிக்கொள்ளும்படி அமைக்கலாம். ஆனால் ஒரு வேண்டுகோள்: பழைய தஞ்சாவூர் ஓவியம் எதையும் அந்த நகரும் கதவில் பொருத்தாதீர்கள். பலகையின் மேல் துணி ஒட்டி, சுதையால் புடைப்பு வைத்து, அதன்மேல் தங்கத் தகடு பதித்த வேலை அது; தினமும் அதிர்ந்தால் சுதை வெடிப்பு விடும், தகடு உதிரும்.

எழும்பும் பெட்டியே வேண்டுமென்றால், மரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் ஊதும், சித்திரையில் சுருங்கும். தேக்கும் இதற்கு விலக்கல்ல, மற்ற மரங்களைவிட அளவு குறைவு, அவ்வளவுதான். சாதாரண அலமாரிக் கதவு இறுகினால் இழுத்துத் திறந்துவிடுவோம். இங்கே மூடி இறுகினால் மோட்டார் அதை முட்டித் தள்ளப் பார்க்கும். அதனால் மேல்மூடியை அகலமான ஒற்றைத் தேக்குப் பலகையில் செய்யாமல், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள (ஈரத்தைத் தாங்கும் மரைன் வகை) 19 மி.மீ. பிளைவுட்டில் செய்து, மேலே தேக்கு வெனீர், அதாவது மெல்லிய தேக்குத் தகடு ஒட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விடட்டும். மூடியைத் திரையோடு இறுக்கமாகப் பிணைக்காமல், கீலில் ஆடும்படியோ வெறுமனே மேலே தங்கும்படியோ வைத்தால், இறங்கும்போது குழந்தையின் விரல் இடையில் அகப்பட்டாலும் மூடியின் எடை மட்டுமே அதன்மேல் விழும். அதோடு, தடை ஏற்பட்டதும் தானே நின்று பின்வாங்கும் வசதியுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியையே வாங்குங்கள். பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பின்பலகையை ஆணியடித்து மூடிவிடுவது நம் ஆசாரிகளின் வழக்கம். இதில் அது கூடவே கூடாது. பின்னாலோ முன்னாலோ, ஸ்க்ரூவைக் கழற்றினால் ஓர் ஆள் இரு கைகளையும் விட்டு வேலை செய்யும் அளவுக்குத் திறக்கும் பலகை இருக்க வேண்டும். கேபிள்கள் திரையோடு சேர்ந்து 75 செ.மீ. பயணம் செய்பவை என்பதால் அவற்றுக்கு உபரி நீளம் விட்டு, மடங்கிச் செல்லும் கேபிள் சங்கிலிக்குள் இட வேண்டும். அங்கே பல்லியும் எறும்பும் குடியேறும், எலி கம்பியைக் கடிக்கும். ஆகவே கேபிள் நுழையும் துளைகளை மிகச் சிறிதாக வையுங்கள். கரையானுக்காகப் பெட்டியின் அடிப்பகுதி தரையைத் தொடாமல், 10 செ.மீ. உயர இரும்புக் கால்களில் நிற்கட்டும்.

திரை மேலே நிற்கும்போது எடை முழுவதும் உச்சிக்குப் போய்விடுவதால், பெட்டியைச் சுவரோடு பிணைத்தாக வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காமல் உதிரும். சுவரைத் தட்டிப் பார்த்து, உறுதியான செங்கல்லில் துளையிட்டு, பசை ஊற்றிப் பொருத்தும் இரும்புக் கம்பிகளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: இத்தகைய பெட்டி பாதி எழும்பிய நிலையில் மின்சாரம் போனால் என்ன செய்வது? குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டார் எரிந்துவிடுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இந்தக் கருவிகள் பெரும்பாலும் 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை, வீட்டு மின்சாரத்தை மாற்றித்தரும் அடாப்டர் ஒன்று இடையில் இருக்கும். அதன்மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் குறைந்த மின்னழுத்தத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. திடீரென்று உயரும் அழுத்தமே ஆபத்து. அதற்குத் தடுப்பு வையுங்கள், நில இணைப்பையும் (எர்த்) எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இந்த மோட்டாரை எளிதாக இயக்கும், அந்த இணைப்பில் கொடுத்துவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் உங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டில் இருந்தீர்கள் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிடும் என்பதால், புயல் எச்சரிக்கை வந்ததுமே திரையை இறக்கி, இணைப்பைப் பிடுங்கிவிடுவது நல்லது.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வீடு. உப்புக் காற்றில் கருவி தாங்குமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மோட்டாரைவிட ஸ்க்ரூக்களும் கீல்களும்தான் முதலில் துருப்பிடிக்கும். அவற்றைத் துருப்பிடிக்காத எஃகில், 316 தரத்தில் வாங்குங்கள். கருவியின் தூண்கள் அலுமினியமாக இருந்தால் நல்லது. பெட்டியைக் கடலை நோக்கிய சன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கொரு முறை பலகையைத் திறந்து உப்புப் படிவைத் துடைத்து, கருவியோடு வந்த குறிப்பு சொல்லும் கிரீஸை மட்டும் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது தூசியைப் பிடித்து இறுகிவிடும்.