பிக்கப் ட்ரக்ல சாட்டிலைட் ரேடியோ ஆண்டெனா: கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் 14 வருஷமா சனி ஞாயிறுல கார் ஆடியோ, ஆண்டெனா வேலை பண்ணிட்டு இருக்கேன், அதுல பாதிக்கு மேல பிக்கப் ட்ரக்தான். சிரியஸ்எக்ஸ்எம், அதாவது சந்தா கட்டிக் கேக்கற சாட்டிலைட் ரேடியோ, அதோட ஆண்டெனா பத்தி என்ன வேணா கேளுங்க. ஆரம்பிக்கும் முன்னாடி ரெண்டே விஷயம். கேபிளை வெட்டாதீங்க. ஏர்பேக் முன்னாடி கேபிளை இழுக்காதீங்க.

கேள்வி (2018 எஃப்-150, ஆஸ்டின்): அண்ணா, ஆண்டெனா வாங்கிட்டு வந்து ரூஃப்ல வச்சா மேக்னெட் பிடிக்கவே மாட்டேங்குது, வழுக்கிட்டு கீழ வருது. பீஸ் டிஃபெக்டா?

பதில்: பீஸ் நல்ல பீஸ்தான் தம்பி, திருப்பிக் கொடுக்காதீங்க. ஃபோர்டு எஃப்-150க்கு 2015 மாடல்லேர்ந்து பாடி மொத்தமும் அலுமினியம், அதை விடப் பெரிய சூப்பர் டியூட்டி ட்ரக்குக்கு (எஃப்-250 மாதிரி) 2017லேர்ந்து. அலுமினியத்துல மேக்னெட் எப்படிப் பிடிக்கும். உள்ள இருக்கற ஃப்ரேம் மட்டும்தான் ஸ்டீல். கடையில பாக்கெட்டைக் கையில கொடுக்கறவங்க இதைச் சொல்றதே இல்ல, வாரம் ஒருத்தராவது இதே பிரச்சனையோட எனக்கு ஃபோன் பண்றாங்க.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆண்டெனா அடியில த்ரீஎம் விஹெச்பி டேப் (ரெண்டு பக்கமும் ஒட்டற கெட்டி டேப்) போட்டு நேரா ரூஃப்ல ஒட்டிடறது. இன்னொண்ணு, வட்டமான மெல்லிசு ஸ்டீல் தகடு ஒண்ணை அதே டேப்ல ஒட்டி அது மேல மேக்னெட்டை உக்கார வைக்கறது, கழட்டி மாட்ட வேண்டியவங்களுக்கு இதுதான் வசதி. ஆனா தகடு ஓரம் பெயிண்டைக் கீறாம பாத்துக்கங்க. ஸ்டீலும் அலுமினியமும் நேருக்கு நேர் தொட்டு நடுவுல தண்ணியும் சேந்துட்டா அலுமினியம்தான் அரிக்கும், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பும். தகட்டை விட டேப் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.

கேள்வி (எலக்ட்ரிகல் இஞ்சினியர், ஹூஸ்டன்): குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். இந்த ஆண்டெனாவுக்கு அடியில இரும்பு கிரவுண்ட் பிளேன், அதாவது இரும்புப் பரப்பு, வேணும்னு பாக்கெட்லயே போட்டிருக்கான். அலுமினியம் ரூஃப்ல ஒட்டினா சிக்னல் பாதியாயிடும். தப்பா வழிகாட்டாதீங்க.

பதில்: மெட்டல்னு போட்டிருப்பான் சார், இரும்புன்னு இல்ல. கிரவுண்ட் பிளேனுக்கு வேண்டியது கரண்ட் கடத்தற பரப்பு, மேக்னெட் ஒட்டுதா இல்லையாங்கறது வேற சமாச்சாரம். அந்த விஷயத்துல அலுமினியம் இரும்பை விட நல்ல கடத்தி.

கேள்வி (சில்வராடோ, சான் அன்டோனியோ): டேஷ்போர்டு மேலயே வச்சுக்கலாமா? வெளிய கேபிள் இழுக்க சோம்பலா இருக்கு.

பதில்: வச்சா பாடும், அதுதான் இதுல சிக்கல். இங்க டெக்சாஸ்லேர்ந்து பாத்தா சாட்டிலைட் தெற்கு வானத்துல 47, 50 டிகிரி உயரத்துல, பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர் தூரத்துல நிக்குது. நீங்க ஐ-35ல டல்லாஸ்லேர்ந்து சான் அன்டோனியோ நோக்கித் தெற்க போகும்போது முன் கண்ணாடி சாட்டிலைட்டைப் பாத்துட்டே போகுது, அருமையா கேக்கும். திரும்பி வடக்க வரும்போது சாட்டிலைட் உங்க முதுகுப் பக்கம் போயிடும், நடுவுல ட்ரக்கோட ரூஃப் மறைக்கும், விட்டு விட்டுத்தான் வரும். டவுனுக்குள்ள தரையிலேர்ந்து அனுப்பற ரிப்பீட்டர் டவர் இருக்கறதால தெரியாது, ஊரைத் தாண்டி ரெண்டு பக்கமும் காடு மேடு வந்ததும் தெரிஞ்சிடும். ஒருத்தர் இதுக்காக ரேடியோவையே மாத்திட்டு அதுக்கப்புறம் என்கிட்ட வந்தார், ஆண்டெனாவைத் தூக்கி ரூஃப்ல வச்சதும் சரியாயிடுச்சு. முந்நூறு டாலர் வீணாப் போனது எனக்கே மனசு ஆறல.

கேள்வி (டகோமா டபுள் கேப், ஃபீனிக்ஸ்): சார், ரூஃப்லேர்ந்து கேபிளை உள்ள எப்படிக் கொண்டு வரணும்? விவரமா சொன்னா நானே பண்ணிடுவேன்.

பதில்: இதைத்தான் யாராவது கேக்கணும்னு இருந்தேன். பிக்கப்புக்குன்னே இருக்கற ஒரு நல்ல வழி மூணாவது பிரேக் லைட். கேப் பின்பக்கம் ரூஃப் ஓரத்துல இருக்கே, அதேதான். ஸ்க்ரூவைக் கழட்டினா லைட் மொத்தமா கையோட வரும், உள்ள ஒயர் போற ஓட்டை ஏற்கனவே இருக்கும், நீங்க ஒரு ஓட்டையும் போட வேண்டாம். அந்த வழியா கேபிளை விட்டு, லைட்டுக்குப் பின்னாடி இருக்கற ஸ்பாஞ்ச் கேஸ்கெட்டுல கேபிள் தடிமனுக்கு மட்டும் கீழ்ப்பக்கமா சின்ன காடி எடுத்து, அதைச் சுத்தி சிலிக்கான் வச்சு மூடுங்க. மேல் பக்கமா எடுத்தா மழைத்தண்ணி நேரா உள்ள இறங்கும். வெளிய கேபிள் லைட்டுக்குள்ள நுழையற இடத்துல அது கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறற மாதிரி ஒரு வளைவு விட்டுடுங்க, தண்ணி அந்த வளைவுலேயே சொட்டிடும்.

உள்ள வந்தப்புறம்தான் கவனம். ஹெட்லைனர் (ரூஃபோட உள்பக்கத் துணி) ஓரமா, கதவுக்கு மேல நெடுக கர்ட்டன் ஏர்பேக் சுருட்டி வச்சிருப்பான். ஏ-பில்லர் (முன் கண்ணாடி ஓரத்துத் தூண்) வழியா இழுக்கறது சுலபமா தெரியும், யூட்யூப்ல பாதி பேர் அப்படித்தான் காட்டறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ஏர்பேக்குக்கு முன்னாடி கேபிள் கிடந்தா அது விரியற நேரத்துல கேபிள் தடுக்கலாம், இல்ல கேபிளே சாட்டை மாதிரி முகத்துல அடிக்கலாம். டபுள் கேப்ல பின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கற சுவர் பேனல் வழியா நேரா கீழ இறக்குங்க, அங்கேர்ந்து கதவு அடியில இருக்கற சில் பிளாஸ்டிக்கைத் தூக்கி அதுக்குள்ள முன்பக்கம் கொண்டு வாங்க, சென்டர் கன்சோல் பக்கமா மேல ஏத்துங்க. ஆண்டெனாவோட வர்ற கேபிள் 20 அடிக்கு மேல இருக்கும், தாராளமா போதும். சீட்டு ரெயில்ல மாட்டிக்காம பாருங்க, சீட்டை முன்ன பின்ன தள்ளிப் பாத்துட்டு அப்புறமா பிளாஸ்டிக்கை அமுக்குங்க.

ஆண்டெனாவை வைக்கற இடம், ரூஃப் ஓரத்துலேர்ந்து நாலஞ்சு இன்ச்சாவது உள்ள. பின்னாடி ஏணி ரேக் இருந்தா அதுலேர்ந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளி.

கேள்வி (ராம் 1500, அட்லாண்டா): மீதி கேபிள் 6 அடி இருக்கு, வெட்டி புது பிளக் போட்டுக்கட்டுமா?

பதில்: வேண்டாம் வேண்டாம். சிக்னல் 2.3 கிகாஹெர்ட்ஸ், கேபிள் நூல் மாதிரி மெல்லிசு, பிளக் கொஞ்சம் சரியா உக்காரலன்னாலும் வந்த சிக்னல் அங்கேயே செத்துடும். அதே கேபிள் வழியாத்தான் ரேடியோலேர்ந்து ஆண்டெனாவுக்குள்ள இருக்கற ஆம்ப்ளிஃபயருக்கு கரண்டும் போகுது, வெட்டி ஒட்டும்போது ஷார்ட் ஆனா அதுவும் போச்சு. உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வா சுத்தி சீட்டுக்கு அடியில வைங்க. இறுக்கி மடக்கி டை போடாதீங்க.

கேள்வி (ஜிஎம்சி சியரா, சார்லட்): அண்ணா, எங்க வீட்டுக்காரர் ட்ரக்குக்கு சர்ப்ரைஸா போடலாம்னு ஆண்டெனா வாங்கிட்டேன். கம்பெனி ரேடியோவுல எஸ்எக்ஸ்எம் பட்டனே இல்ல, ஆண்டெனா மாட்டினா வருமா?

பதில்: வராதும்மா. ஆண்டெனா காது மாதிரி, கேட்டதைப் புரிஞ்சுக்க ட்யூனர் வேணும், அந்த ரேடியோவுல அது இல்ல. டாக்கோட (ரேடியோவை உக்கார வைக்கற ஸ்டாண்டு) வர்ற தனி பிளக் அண்ட் ப்ளே ரேடியோ வாங்கிட்டா இதே ஆண்டெனா அதுல சேரும், ட்ரக்ல ஆக்ஸ் (வெளி ஆடியோ ஒயர் சொருகற ஓட்டை) இருந்தா ஆக்ஸ்லயே கொடுங்க, எஃப்எம் வழியா விட்டா டவுனுக்குள்ள இரைச்சல் கேக்கும். நல்ல பரிசு, விட்டுடாதீங்க.

கேள்வி (எலக்ட்ரிகல் இஞ்சினியர், ஹூஸ்டன்): கடத்தி சரி. ஆனா நடுவுல பெயிண்ட், அதுக்கு மேல ஒரு மில்லிமீட்டர் டேப். ஆண்டெனா ரூஃபைத் தொடவே இல்ல. அப்புறம் எங்க கிரவுண்டு?

பதில்: இது நல்ல கேள்வி சார், கொஞ்சம் நீளமா சொல்றேன். இந்த அலையோட நீளம் கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு முன்னாடி ஒரு மில்லிமீட்டர் டேப் ஒரு விஷயமே இல்ல, கெப்பாசிட்டர் மாதிரி ரெண்டும் சேந்துக்கும், அந்த அலைவரிசைக்கு ஒயர் போட்டு இணைச்ச மாதிரிதான். ஸ்டீல் ட்ரக்ல மேக்னெட் வச்சாலும் நடுவுல பெயிண்டும் ஆண்டெனா அடியில ரப்பரும் இருக்கத்தானே செய்யுது, அங்கயும் நேரா தொடறதில்ல. அதுவும் இல்லாம சாட்டிலைட்லேர்ந்து வர்றது வட்டமா சுழல்ற அலை, ஆண்டெனாவுக்குள்ள இருக்கற சின்ன செராமிக் சதுரம் மேல் நோக்கி அதைப் பிடிக்குது. அடியில இருக்கற மெட்டல் பரப்போட வேலை, அந்தப் பார்வையை வானத்துப் பக்கம் நல்லா விரிச்சுக் கொடுக்கறது.

நம்பலன்னா வீட்டுலயே பாருங்க. கிச்சன்ல அலுமினியம் பேக்கிங் ட்ரே இருக்கும். ட்ரக்குக்குப் பக்கத்துல, மரம் கொஞ்சம் மறைக்கற இடமா பாத்து, ஒரு தடவை பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவுத்து அது மேல ஆண்டெனாவை வைங்க, அடுத்து அதே பக்கெட் மேல ட்ரேயை வச்சு அதுல வைங்க. ரேடியோவுல சாட்டிலைட் பாரைப் பாருங்க. வெட்டவெளியில வித்தியாசம் தெரியாது, ரெண்டுலயும் ஃபுல்லா காட்டும்.

கேள்வி (ஃப்ரான்டியர், டல்லாஸ்): டேஷ்போர்டு மேல வச்சா வேலை செய்யுமா?

பதில்: மேல சான் அன்டோனியோக்காரருக்கு எழுதினதைப் படிங்க.

கேள்வி (செவி கொலராடோ ட்ரக், டெட்ராய்ட்): இந்தியா திரும்பப் போறோம். ரேடியோவையும் ஆண்டெனாவையும் கோயம்புத்தூர் கொண்டு போனா வேலை செய்யுமா?

பதில்: செய்யாது, இந்த சாட்டிலைட் எல்லாம் அமெரிக்கா பக்கம் பாத்து நிக்குது, நம்ம ஊர் வானத்துல அது இல்லவே இல்ல. நம்ம ஊருக்குன்னு இருந்தது வேர்ல்டுஸ்பேஸ், 2000ல ஏவின ஏசியாஸ்டார் சாட்டிலைட். ஜன்னல் ஓரம் சின்ன தட்டு ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி வச்சு, கேஎல் ரேடியோன்னு தமிழ் சேனல் ராத்திரி முழுக்க விளம்பரமே இல்லாம ஓடும். ஏ.ஆர்.ரஹ்மான் அதுக்குப் போட்ட ட்யூன் இன்னும் எனக்கு மனப்பாடம். 2009 டிசம்பர் 31ஓட நிறுத்திட்டாங்க. எனக்கு இந்தத் தொழில் மேல ஆசை வந்ததே அந்தத் தட்டு ஆண்டெனாவாலதான்.

கேள்வி (டன்ட்ரா, எட்மன்டன்): எங்க ஊர்ல மட்டும் அடிக்கடி கட் ஆகுதே?

பதில்: உங்க ஊர்ல சாட்டிலைட் 30 டிகிரிக்கும் கீழ, தெற்க தாழ்வா தெரியும். மரம், லாரி, கட்டடம் எல்லாமே மறைக்கும். ஆண்டெனாவை ரூஃப் நடுவுக்குக் கொண்டு வாங்க, மேல பனி கட்டினா தட்டி விடுங்க. ஈரப் பனி சிக்னலைக் குடிச்சிடும்.

கேள்வி (பழைய ரேஞ்சர், டாம்பா): கராஜ்ல பழைய எக்ஸ்எம் ஆண்டெனா கிடக்கு, புது ரேடியோவுக்கு ஆகுமா?

பதில்: ஒத்தைக் கேபிள்னா ஆகும். சிரியஸ், எக்ஸ்எம் ரெண்டும் 2008ல ஒண்ணாச்சு, ஆனா அலைவரிசை முன்னாடியே பக்கத்துப் பக்கத்துலதான், 2320லேர்ந்து 2345 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். ரெண்டு கேபிள் தொங்கினா அது ரொம்பப் பழசு, விட்டுடுங்க.

கேள்வி (ராம் 2500, ஓக்லஹோமா): ரூஃப்ல ஓட்டை போட்டு பர்மனென்ட்டா மாட்டிடலாமா?

பதில்: கூடாது. துரு, ஒழுகல், ஹெட்லைனர்ல கறை. டிரில் உள்ள போற இடத்துல ஏர்பேக் இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? பிரேக் லைட் வழி இருக்கும்போது ஓட்டை எதுக்கு.

கேள்வி (எஃப்-250, டென்வர்): ஆண்டெனா டேஷ்ல ஒட்டிட்டேன், சில நேரம் வருது சில நேரம் வரல, கேபிள் வேற நீளமா இருக்கு, வெட்டலாமா?

பதில்: டேஷ்லேர்ந்து எடுங்க. வெட்டாதீங்க. ரெண்டுக்கும் காரணம் மேல இருக்கு, அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிச்சா ஒரு ஆண்டெனா காசு மிச்சம்.

கேள்வி (சில்வராடோ, நியூஜெர்சி): மாட்டியாச்சு, சாட்டிலைட், டவர் ரெண்டு சிக்னல் பாரும் ஃபுல், ஆனா ஒரே ஒரு சேனல்தான் பாடுது.

பதில்: அது சந்தா ஆக்டிவேட் ஆகல. சேனல் 0 போட்டா ரேடியோ ஐடி வரும், அதைக் குறிச்சு கம்பெனிகிட்டயே பேசுங்க. ஐடியில வட்டமா தெரியறது சைபர், ஓ எழுத்து அதுல வராது. சிக்னல் அனுப்பும்போது ட்ரக் வெட்டவெளியில நிக்கணும், கராஜுக்குள்ள இல்ல.

கேள்வி (எலக்ட்ரிகல் இஞ்சினியர், ஹூஸ்டன்): ட்ரே வச்சுப் பாத்தேன். பெக்கான் மரத்தடியில பக்கெட் மேல ஒரு பார், ட்ரே மேல மூணு பார். மூணு தடவை மாத்தி மாத்தி வச்சேன், அதேதான். நீங்க சொன்னது சரி. என் மச்சானோட எஃப்-150 இங்கதான் நிக்குது, இன்னைக்கு ராத்திரியே டேப் போட்டு ஒட்டிடவா?

பதில்: பொறுமையா செஞ்சு பாத்து வந்து சொன்னீங்களே, ரொம்ப சந்தோஷம் சார். ராத்திரி வேண்டாம், ரூஃப் 50 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ குளிர்ந்திருந்தா அந்த டேப் சரியா பிடிக்காது. நாளைக்கு மதியம் வெயில்ல நிறுத்தி, ரப்பிங் ஆல்கஹாலால துடைச்சு, ஒட்டினதும் கட்டை விரலால நல்லா அழுத்துங்க. அப்புறம் ஒரு நாள் முழுக்க கார் வாஷ், ஹைவே ரெண்டும் வேண்டாம்னு மச்சான்கிட்ட சொல்லிடுங்க.