ஸ்தோத்திரக் காணிக்கையும் மைக்கும்

அன்புள்ள அக்கா,

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கடவுளுக்கு நன்றியாகப் பணம் போட மாதாமாதம் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் பெயரையும் தொகையையும் வாசிப்பார்கள். போன மாதம் நான் ஐம்பது ரூபாய் போட்டிருந்தேன். எனக்கு முன்னால் வாசித்தது இரண்டாயிரம். கூசிப்போய்விட்டது. அத்தையிடம் சொன்னால், "காலங்காலமா இப்படித்தான்" என்கிறார்கள். அப்படியா அக்கா?

எம்., தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள எம்.,

காலங்காலமாக எல்லாம் இல்லை. கவருக்கு முன்னால் கலயம் இருந்தது. எங்கள் ஆச்சி உலைக்கு அரிசி களைவதற்கு முன் ஒரு கை அள்ளி, அடுப்படி மூலையிலிருந்த மண்கலயத்தில் போடுவாள். விரலிடுக்கில் ஒட்டிய மணிகளையும் உள்ளேயே தட்டிவிடுவாள். அரிசி குறைவான நாளில் கை கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை சங்கத்திலிருந்து ஒரு அக்கா சாக்கோடு வருவார். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழும். அப்புறம் எது யார் வீட்டுக் கை என்று யார் சொல்வது? (அந்தக் கலப்பட அரிசியை வாங்கிச் சோறு பொங்கியவர்கள் பாடு தனிக்கதை. ஒன்று குழையும்போது இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும்.)

மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் இந்தக் கைப்பிடி அரிசி 1910-ல் தொடங்கியது. 'புஹ்ஃபாய் தாம்' என்பார்கள். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்து, சேர்ந்ததைச் சபை விற்று ஊழியத்துக்குச் செலவழிக்கும். இன்றும் நடக்கிறது. கையில் பத்துப் பைசா இல்லாத பெண்ணுக்கும் அரிசிப் பானை அவள் பொறுப்புதானே. புருஷனிடம் கேட்காமல் அவளால் கொடுக்க முடிந்தது.

அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் சபைப் பெண்கள் 1889-ல் நியூயார்க்கில் கூடிச் சேர்த்த முதல் ஸ்தோத்திரக் காணிக்கை 2,188 டாலர் 64 சென்ட். அந்த 64 சென்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பணம் அலாஸ்காவின் ஆன்விக் ஊரில் ஒரு கோயில் கட்டவும், ஜப்பானுக்கு ஒரு பெண் ஊழியரை அனுப்பவும் போனது. மொத்தமும் தெரிகிறது, போன இடமும் தெரிகிறது. சில்லறையைப் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை.

பெயர் வாசிக்கும் வழக்கம் கணக்கு சுத்தமாக இருக்கட்டும் என்று வந்திருக்கலாம். சரி, அதற்கு ரசீது போதுமே. கூட்டங்களில், பைபிளில் ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசைத் தவறாமல் எடுத்துப் பேசுகிறார்கள். அந்தக் கதை வரும் மாற்கு சுவிசேஷம் 12-ம் அதிகாரத்தில் அதற்குச் சற்று மேலே, 40-ம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

உங்கள் ஐம்பது ரூபாயைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அடுத்த கவரில் 'ஒரு சகோதரி' என்று மட்டும் எழுதுங்கள். அப்புறம் சங்கச் செயலாளரிடம், மாதம் மொத்தம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்பதை மட்டும் வாசிக்கலாமே என்று கேட்டுப்பாருங்கள். தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் எழுந்து கேட்டால், வீட்டுக்கு வந்து உங்கள் அத்தைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா